ஆய்வு வயலின் அறங்காவலர்கள்

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷையர் பகுதியிலுள்ள ஹார்ப்பெண்டன் என்னும் ஊரில் அமைந்த ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையம், 1843ஆம் ஆண்டு முதல் இடையறாது இயங்கிவருவதால், உலகின் மிகப் பழைய வேளாண் ஆராய்ச்சி நிலையங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. அதன் விஞ்ஞானிகளைப் பற்றியும் அவர்தம் கண்டுபிடிப்புகளைப் பற்றியும் நூல்கள் பல உள்ளன. எனினும், ஓர் ஆய்வு வயல் தலைமுறை தலைமுறையாக விற்கப்படாமலும், உழுது மாற்றப்படாமலும், ஆய்வின் நோக்கம் திரிந்துவிடாமலும் நிலைத்திருக்கிறதென்றால், விஞ்ஞானிகளுக்குப் பின்னால் நின்று நிலத்தையும் நிதியையும் நெறியையும் காத்த ஆட்சிக் குழுவினரின் பணியையும் அறிந்துகொள்ள வேண்டும். ஆய்வுக்கூடத்திற்குள் அடியெடுத்து வைக்காத இக்குழுவினரின் முடிவுகளே, எந்தக் கேள்வி எத்தனை ஆண்டுகள் ஆராயப்படும் என்பதைப் பெரும்பாலும் நிர்ணயிக்கின்றன.

ராதம்ஸ்டெட் பண்ணையின் உரிமையாளரான ஜான் பென்னட் லாஸ், சூப்பர் பாஸ்பேட் உரத்திற்கு 1842இல் காப்புரிமை பெற்றவர். பயிர் எளிதில் உறிஞ்ச இயலாத பாஸ்பேட் பொருள்களைக் கந்தக அமிலத்தில் கரைத்து, மணிச்சத்தைப் பயிருக்கு எட்டும் வடிவில் தருவதே இவ்வுரத்தின் அடிப்படையாகும். அடுத்த ஆண்டில் வேதியியல் அறிஞர் ஜோசப் ஹென்றி கில்பர்ட்டைத் துணையாகச் சேர்த்துக்கொண்ட அவர், பிராட்பால்க் என்னும் வயலில் கோதுமை ஆய்வைத் தொடங்கினார். ஒரே வயலை நீளவாக்கில் பல பாத்திகளாகப் பிரித்து, ஒன்றிற்குத் தொழுவுரமும், வேறு சிலவற்றிற்குத் தழை, மணி, சாம்பல் சத்துகளைப் பல்வேறு சேர்க்கைகளிலும் இட்டு, ஒரு பாத்திக்கு எந்த உரமும் இடாமல் விட்டு, ஆண்டுதோறும் விளைச்சலை எடைபோட்டுக் குறித்துவைப்பதே அந்த ஆய்வின் முறை. உரமே இடாத பாத்தியும் ஹெக்டேருக்குச் சுமார் ஒரு டன் கோதுமையை ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தந்துவருகிறது என்ற உண்மை, இத்தகைய நெடுங்கால ஆய்வினாலன்றி வேறெவ்வழியிலும் தெரியவந்திராது.

உரம் விற்பவரே உரத்தின் பயனை ஆராய்வதில், இன்று ஆதாய முரண் என்று சட்டத்துறையினர் வழங்கும் சிக்கல் உண்டு. ஒருவருடைய சொந்த வருவாயும் அவர் ஏற்றுள்ள பொதுப் பொறுப்பும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும் நிலையே அது. லாஸ் 1872இல் தம் உரத் தொழிலை விற்றுவிட்டார். 1889இல் ஒரு லட்சம் பவுண்டை மூலதனமாக வைத்து லாஸ் வேளாண் அறக்கட்டளையை நிறுவி, ஆய்வு வயல்களை அதன் பொறுப்பில் ஒப்படைத்தார். ஒருவர் தம் உடைமையைக் குறிப்பிட்டதொரு நோக்கத்திற்கென ஒதுக்கிப் பிறரிடம் ஒப்படைப்பதே அறக்கட்டளை ஆகும். அவ்வுடைமையை அறங்காவலர்கள் அந்த நோக்கத்திற்காக மட்டுமே பயன்படுத்தக் கடமைப்பட்டவர்கள். அதிலிருந்து தமக்கென எதையும் எடுத்துக்கொள்ள உரிமையற்றவர்கள்.

அறக்கட்டளையின் மேலாண்மைக் குழு அமைக்கப்பட்ட விதம் இன்றும் ஆராயத்தக்கது. குழுவினரை நியமிக்கும் அதிகாரத்தை லாஸ் தம் குடும்பத்தார் கையில் விட்டுவிடாமல், அறிவியல் உலகின் தலைமை அமைப்பான ராயல் சொசைட்டி, உழவர்களும் நிலவுடைமையாளர்களும் நிறைந்த அரச வேளாண் சங்கம், வேதியியலாளர்களின் சங்கம், தாவரவியலையும் விலங்கியலையும் வளர்க்கும் லின்னேயன் சங்கம் ஆகியவற்றிற்குப் பகிர்ந்தளித்து, பண்ணை உரிமையாளருக்கும் ஓர் இடம் வைத்தார். ஆய்வின் தரத்தை எடைபோடத் தெரிந்தவரும், அதன் பயனை வயலில் உணரக்கூடியவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தமையால், புலமையை மட்டும் கருதியோ உடனடி லாபத்தை மட்டும் கருதியோ நிலையம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் காக்கப்பட்டது.

லாஸ் 1900ஆம் ஆண்டிலும் கில்பர்ட் 1901இலும் மறைந்தபின், குழுவின் உண்மையான சோதனைக் காலம் தொடங்கியது. மூலதனத்தின் வட்டி பழைய ஆய்வுகளைத் தொடர்வதற்கே இழுபறியாக இருந்த நிலையில், 1902இல் டேனியல் ஹால் இயக்குநராக நியமிக்கப்பட்டார். இயக்குநரைத் தேர்ந்தெடுப்பதே எந்த ஆட்சிக் குழுவும் செய்யும் முடிவுகளுள் தலையானது. ஏனெனில் அன்றாட நிர்வாகத்தில் குழு தலையிடுவதில்லை, தலையிடவும் கூடாது. வளர்ச்சி நிதிச் சட்டம் 1909இல் நிறைவேறியதைத் தொடர்ந்து அரசின் மானியம் கிடைக்கத் தொடங்கியது. அரசுப் பணம் வந்தாலும் நிலையம் அரசுத் துறையின் கிளையாக மாறிவிடவில்லை. நிதி தருவோருக்கும் ஆய்வு செய்வோருக்கும் இடையில் அறக்கட்டளைக் குழு தடுப்பணையாக நின்றது.

ஹாலுக்குப் பின் வந்த இயக்குநர் ஜான் ரசல், குவிந்து கிடந்த விளைச்சல் கணக்குகளிலிருந்து மேலும் ஏதேனும் அறிய இயலுமா என்று ஆராய்வதற்காக, 1919இல் ரொனால்ட் ஃபிஷர் என்னும் இளம் கணிதவியலாளரைப் பணியில் அமர்த்தினார். பாத்திகளுக்குச் சிகிச்சைகளைக் குலுக்கல் முறையில் பகிர்ந்தளித்தல், ஒரே சிகிச்சையைப் பல பாத்திகளில் திரும்பச் செய்தல் என, இன்று வேளாண்மையிலும் மருத்துவத்திலும் நிலைபெற்றுள்ள ஆய்வு வடிவமைப்பு நெறிகள் அங்கேதான் உருப்பெற்றன. ஃபிஷரின் புள்ளியியல் நூல் 1925இல் வெளிவந்து உலகெங்கும் பரவியது. பல்லாண்டுக் கணக்கேடுகளை வீண் சுமையென்று கருதாத நிலையத்தில் மட்டுமே இது நிகழ்ந்திருக்கக்கூடும்.

அதுவரை அறக்கட்டளையின் உடைமையாகாதிருந்த பண்ணை நிலம் விற்பனைக்கு வந்து கட்டடமனைகளாகிவிடும் அச்சம் 1934இல் எழுந்தபோது, பொதுமக்களிடம் நிதி திரட்டி அறக்கட்டளைக்காக நிலம் வாங்கப்பட்டது. ஆய்வு நடத்தும் அமைப்பு வேறு, நிலத்தை உடைமையாகக் கொண்ட அறக்கட்டளை வேறு என்னும் ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. ஆய்வு நிறுவனத்தின் நிதிநிலை தளர்ந்தாலும் நிலம் கைவிட்டுப் போகாது என்பதே இதன் பயன்.

நெடுநோக்கின் பலனை மிக நெருங்கிக் காணத்தக்க இடம், அந்நிலையத்தின் மாதிரிக் காப்பகம் ஆகும். அறுவடைதோறும் எடுக்கப்பட்ட தானியமும் வைக்கோலும், குறிப்பிட்ட கால இடைவெளியில் எடுக்கப்பட்ட மண்ணும் கண்ணாடிப் புட்டிகளில் அடைக்கப்பட்டு, தக்கையும் மெழுகும் கொண்டு மூடப்பட்டு, வயலின் பெயரும் ஆண்டும் பாத்தியின் எண்ணும் எழுதிய சீட்டுடன் அடுக்கடுக்காக நிற்கின்றன. அவற்றின் எண்ணிக்கை சுமார் 3 லட்சம். மரபணுவைப் பற்றிய அறிவே இல்லாத காலத்தில் சேமித்த கோதுமையிலிருந்து, இலைப்புள்ளி நோய் உண்டாக்கும் பூஞ்சைகளின் மரபுப்பொருளைப் பிரித்தெடுத்த விஞ்ஞானிகள், அப்பூஞ்சைகளின் ஏற்றத்தாழ்வு காற்றில் கலந்த கந்தக டை ஆக்சைடின் அளவோடு இணைந்து மாறியதை 2005இல் வெளியிட்டனர். கோதுமை மணியிலுள்ள துத்தநாகம், இரும்பு முதலிய சத்துகள் 1960களின் நடுப்பகுதிவரை பெரிதும் மாறாதிருந்து, அதிக விளைச்சல் தரும் குட்டை ரகங்கள் வந்தபின் குறைந்தன என்பதும் இப்புட்டிகளிலிருந்தே 2008இல் தெரியவந்தது. மண்ணில் அச்சத்துகள் குறையாதிருக்க மணியில் மட்டும் குறைந்தமை, ரகத் தேர்வில் விளைச்சலோடு ஊட்டத்தையும் கருத வேண்டும் என்னும் எச்சரிக்கையாக அமைந்தது.

பழையதைக் காப்பது என்பது எதையும் மாற்றாதிருப்பது ஆகாது. பிராட்பால்க் வயலில் 1968இல் தண்டு குட்டையான புதிய ரகம் புகுத்தப்பட்டது. வயலின் சில பகுதிகளில் பயிர்ச் சுழற்சியும் தொடங்கப்பட்டது. எஞ்சிய பகுதிகளில் தொடர் கோதுமைச் சாகுபடி நீடித்ததால், பழைய ஒப்பீடு அறுபடாமலே புதிய கேள்விகளுக்கும் இடம் கிடைத்தது.

இன்று ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிறுவனம், லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் பங்குதாரர் எவருமில்லாத நிறுவனமாகவும், பதிவுபெற்ற அறநிறுவனமாகவும் விளங்குகிறது. ஆட்சிக் குழுவினர் ஆய்வுத் திட்டத்தை ஏற்பதும், வரவுசெலவைத் தணிக்கைக்கு உட்படுத்துவதும், இயக்குநரின் செயல்பாட்டை மதிப்பிடுவதும், வரக்கூடிய இடர்களை முன்கூட்டியே கணிப்பதும் தம் கடமையாகக் கொண்டவர்கள். விதை, உரம், பூச்சிமருந்துத் தொழில்களோடு தமக்குள்ள தொடர்பை ஒளிவின்றி அறிவிப்பதும், அத்தொடர்பு குறித்த விவாதத்திலிருந்து விலகியிருப்பதும் இத்தகைய குழுக்களில் கைக்கொள்ள வேண்டிய நெறியாகும்.

பிற நாடுகளிலும் இம்முறை வேரூன்றியது. ஃபோர்டு, ராக்ஃபெல்லர் அறக்கட்டளைகள் பிலிப்பைன்ஸ் அரசோடு சேர்ந்து 1960இல் நிறுவிய பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையமும் அறங்காவலர் குழு ஒன்றின்கீழ் இயங்குகிறது; கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநராகப் பணியாற்றினார். பிராட்பால்க் ஆய்வை முன்மாதிரியாகக் கொண்டு 1909இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட நிரந்தர உரப் பரிசோதனை, நூற்றாண்டைக் கடந்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அரிய செல்வமாகத் திகழ்கிறது.

நகரம் விரிந்து நிலத்தின் விலை ஏறும் காலத்தில், நூறாண்டு பழமையுள்ள ஆய்வுப் பாத்தி கணக்குப் பார்ப்பவரின் கண்ணுக்கு வெற்றுமனையாகவே தோன்றக்கூடும். அதன் மதிப்பை உணர்ந்து காக்க வல்லவர்களை ஆட்சிக் குழுவில் அமர்த்துவது நியமன அதிகாரம் உடையோரின் பொறுப்பு. செல்வாக்கு ஒன்றையே தகுதியாகக் கொண்டு அவ்விடங்களை நிரப்பாமல், மண்ணறிந்த அறிவியலாளரையும், வயலில் நின்று உழைக்கும் உழவரையும், கணக்கில் நேர்மை தவறாதவரையும் ஒருங்கே அமர்த்த வேண்டும். ஒரு முறை உழுது கலைக்கப்பட்ட நூற்றாண்டு ஆய்வை எத்தனை கோடி செலவிட்டாலும் மீட்க இயலாது.