ஈரம் இருந்தும் செடி வாடியது ஏன்?

போன தைப்பட்டத்தில் கால் ஏக்கர் கத்தரி நட்டேன். 20-ம் நாள், ‘கோமியம்தானே, என்ன ஆகிடப் போகுது’ன்னு தண்ணீர் கலக்காமலே ரெண்டு வரிசைக்கு வேரில் ஊற்றினேன். மறுநாள் மத்தியானம் அந்த ரெண்டு வரிசை மட்டும் தலை தொங்கி நின்றது. மண்ணைத் தொட்டால் நல்ல ஈரம். அப்புறம் ஏன் வாடணும்?

ஊறுகாய்க்கு உப்புப் போட்டுப் பிசறின மாங்காய், சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே மறுநாள் தண்ணீர் விட்டு நிற்குதில்லையா? அதே கதைதான் இங்கேயும்.

ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. அது தண்ணீரை விடும். உப்பை லேசில் விடாது. உப்பு குறைவான பக்கத்திலிருந்து கூடுதலான பக்கத்துக்குத் தண்ணீர் போகும். இதுதான் சவ்வூடு பரவல். வேர்ச் செல்லின் சாறு மண்ணிலுள்ள நீரைவிட அடர்த்தியாக இருப்பதால்தான் வேர் தண்ணீர் குடிக்கிறது. நான் கோமியத்தை அப்படியே ஊற்றியதும் வேருக்கு வெளியே உப்பு கூடிவிட்டது. உள்ளே வரவேண்டிய தண்ணீர் வெளியே போக ஆரம்பித்தது. ஈரத்தில் நின்றே செடி தாகத்தில் தவித்தது.

உடனே கிணற்றுத் தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சினேன். பாதிச் செடிதான் பிழைத்தது.

இப்போதெல்லாம் 1 லிட்டர் கோமியத்துக்கு 10 லிட்டர் தண்ணீர். பஞ்சகவ்யா தெளித்தால் 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி. புதுசாக எதை ஊற்றினாலும் முதலில் ரெண்டே செடிக்கு ஊற்றி, ஒருநாள் பார்த்துவிட்டுத்தான் மற்றதுக்கு.

இயற்கை இடுபொருள்தான், ஆனாலும் அளவு உண்டுங்க.