தேயிலை மலையில் ஒரு காணித் துண்டு

காலையில் அடுப்பைப் பற்ற வைத்ததும் நம் கை தேடுவது தேயிலை டப்பாவைத்தான். அந்தத் தூள் எந்த மலையில் விளைந்தது, யார் கை பறித்தது என்று என்றாவது நினைத்ததுண்டா? வாருங்கள், இலங்கையின் நுவரெலியா மாவட்டத்துக்குப் போய் வருவோம்.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகல (8,281 அடி) அதன் தலைமாட்டில் நிற்கிறது. மகாவலியும் களனியும் இந்த மலைகளில்தான் பிறக்கின்றன. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியே போனால், முஸ்லிம்கள் 'பாவா ஆதம் மலை' என்றும் இந்துக்கள் 'சிவனொளிபாதம்' என்றும் பௌத்தர்கள் 'ஸ்ரீபாத' என்றும் சொல்லும் சிகரம். 1344-ல் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இதில் ஏறியிருக்கிறார்.

ஆங்கிலேயர் இந்நாட்டு மலைகளில் முதலில் பயிரிட்டது காபி. தமிழகத்தில் பஞ்சம் துரத்திய ஏழைகள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவுக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். காபிப் பழம் பறிப்பது பருவ வேலை. எனவே பெரும்பாலும் ஆண்களே வந்து திரும்பினார்கள்.

1869-ல் இலைநோய் பரவிக் காபி அழிந்தது. 1867-ல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலை ஆண்டு முழுதும் கொழுந்துவிடும். பறிக்கப் பெண்கள் வேண்டும். அதனால் குடும்பங்கள் லயங்களில் நிலையாகக் குடியேறின. கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, கூடையுடன் அதிகாலையில் மலையேறிய தாய்மார்களே இந்த மாவட்டத்தை வளர்த்தவர்கள்.

ஆனால், சுதந்திரம் வந்த 1948-லேயே ஒரு சட்டம் இம்மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964-ன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. தாய் ஒரு நாடு, மகள் ஒரு நாடு என்று குடும்பங்கள் உடைந்தன. உறவுகள் கதறிப் பிரிந்த ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

2012 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 7,11,000. பாதிக்கு மேல் மலையகத் தமிழர், அடுத்து சிங்களவர். முஸ்லிம்கள் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு.

மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டு நிறைவு 2023-ல் நினைவுகூரப்பட்டது. மன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் வந்த வழியே மக்கள் மீண்டும் நடந்தார்கள். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் முக்கியமானது காணியுரிமை. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தும், தான் குடியிருக்கும் வீட்டுக்குக் கையில் உறுதிப் பத்திரம் இல்லாத பெண்கள் இன்னும் ஏராளம்.

நாளை தேநீர் ஊற்றும்போது, நம் பிள்ளைகளிடம் இந்தக் கதையையும் சொல்வோம்.