கரி பிடித்த பிளக்கை வீசுவதற்கு முன்

எமது ஊர்களில் சிறு வியாபாரத்தின் பெரும்பகுதி மோட்டார் சைக்கிளின் மேல்தான் நடக்கிறது. பிஸ்கட் பெட்டி, சவர்க்காரம், முட்டை, மீன், பாண் என்று அதன் பின் ஆசனத்தில் கட்டப்படாத சாமான் கிடையாது. காலையில் அது ஸ்டார்ட் ஆகாவிட்டால் அன்றைய ஓடர் வேறொருவருக்குப் போய்விடும். அவசரமாகக் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போவோம். பிளக்கைக் கழற்றுவார்கள், கறுத்துப் போயிருக்கும். புதியது ஒன்றைப் போட்டதும் பைக் ஓடும். நாமும் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். மூன்று கிழமை கழித்து மீண்டும் அதே கதைதான்.

இந்தப் பிளக் விடயத்தை எழுத வேண்டுமென்று பலகாலம் நினைத்திருந்தேன். என்னுடைய சொந்தத் தவறொன்றைச் சொல்ல வேண்டி வரும் என்பதால்தான் தள்ளிப்போட்டு வந்தேன்.

சில வருடங்களுக்கு முன்னர் மாவனல்லையில் மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்த காலத்தில், ஹெம்மாத்தகம வீதியிலுள்ள சில்லறைக் கடைகளுக்குச் சாமான் கொடுக்க ஒரு தம்பியை வைத்திருந்தேன். நூறு சீ.சீ. பைக், கார்பரேட்டர் உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின். பழையதுதான், ஆனால் நல்ல ஓட்டம். திடீரென்று அது அடிக்கடி நிற்கத் தொடங்கியது. இரண்டு மாதத்தில் ஐந்து பிளக் மாற்றினோம்.

“நானா, பைக் ஸ்டார்ட் எடுக்குதில்ல. பிளக் திரும்பவும் கரி புடிச்சிரிக்கி” என்று அவன் தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒரு சந்தேகம். கூட்டாளிமாருடன் கதைத்துக்கொண்டு நின்றுவிட்டுப் பிளக்கின் மேல் பழியைப் போடுகிறான் என்று நினைத்தேன். ஒருநாள் கடையில் ஆட்கள் நிற்கும்போதே அப்படிச் சொல்லியும்விட்டேன். அவன் பதில் பேசவில்லை. மறுநாள் பழைய பிளக்குகள் ஐந்தையும் ஒரு சீனிப் பையில் சுற்றிக்கொண்டு வந்து, “இத பாஸ்கிட்ட காட்டுங்க நானா” என்று மேசையில் வைத்தான்.

நான் வழமையாகப் போகாத ஒரு கராஜுக்கு அவற்றைக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் வயதான சிங்கள பாஸ் ஒருவர். பைக்கைத் தொடவே இல்லை. ஐந்து பிளக்கையும் வாங்கில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக விரலால் தேய்த்துப் பார்த்தார். ஐந்திலும் ஒரே விதமான உலர்ந்த கரி, சட்டிக்கரி மாதிரி விரலில் ஒட்டியது. எண்ணெய்ப் பிசுபிசுப்பு இல்லை. பிறகு அவர் கேட்டது ஒரேயொரு கேள்விதான்: “பொடியன் சோக்கைப் போட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுகிறானா?”

ஆம், அவன் ஒவ்வொரு கடையிலும் சோக்கை இழுத்துத்தான் ஸ்டார்ட் செய்தான். அந்தச் சோக் வயரோ துருப்பிடித்திருந்தது. கைப்பிடி பழைய இடத்துக்குத் திரும்பினாலும் உள்ளே அது பாதியில் நின்றது. எயார் ஃபில்டரைக் கழற்றினால் அதில் ஒரு விரல் தடிப்புக்குத் தூசி. மா மூட்டைகள் இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் நாங்கள் பைக்கை நிறுத்துவோம்! காற்றுக் குறைவு, பெற்றோல் அதிகம். கரி பிடிக்காமல் என்ன செய்யும்? வயரை மாற்றி ஃபில்டரைச் சுத்தம் செய்ததற்கு அந்தப் பாஸ் எடுத்த கூலி இரண்டு பிளக்கின் விலைகூட வராது. அடுத்துப் போட்ட பிளக் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தது.

உள்ளே என்னதான் நடக்கிறது?

பிளக்கின் நடுக்கம்பிக்கும் வளைந்த கம்பிக்கும் இடையில் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டிப் பாயும்போதுதான் பொறி பிறக்கிறது. நடுக்கம்பியைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கான் மின்சாரம் வேறு வழியில் போகாமல் தடுக்கிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். பீங்கானின் மேல் கரி படிந்தால் மின்சாரம் இடைவெளியைத் தாண்டுவதை விட்டுவிட்டு, கரியின் மேலாக வழிந்து பிளக்கின் உடலுக்குப் போய்விடும். பொறி பலவீனமாகும், அல்லது இல்லாமலே போகும்.

படியும் கரியைப் பிளக் தானாகவே எரித்துக்கொள்ளும். அதற்கு அதன் நுனி ஏறத்தாழ 450 முதல் 500 பாகை செல்சியஸ் வரையாவது சூடாக வேண்டும். 800 பாகைக்கு மேல் போனாலோ வேறு ஆபத்து. எமது வியாபாரப் பைக்குகளின் தலைவிதி இங்கேதான் இருக்கிறது. இருநூறு யார் ஓடி ஒரு கடை, நிறுத்தி பில் எழுதி, மீண்டும் ஸ்டார்ட் செய்து அடுத்த கடை. நாள் முழுதும் ஓடினாலும் பிளக் ஒழுங்காகச் சூடாவதில்லை. கண்டிக்குப் போய்வரும் பைக்கைவிட ஊருக்குள் சுற்றும் பைக்குக்குக் கரி சீக்கிரம் பிடிப்பது இதனால்தான். கிழமைக்கு ஒரு தடவையாவது இருபது நிமிடம் நிற்காமல் சீரான வேகத்தில் ஓடவிட்டால் பாதித் தொல்லை குறையும். என்ஜின் சூடான பின் சோக் தேவையே இல்லை என்பதை ஓட்டுகிறவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் முதலாளியின் வேலைதான். நான் அதைச் செய்திருக்கவில்லை.

கழற்றிய பிளக்கை நன்றாகப் பாருங்கள். நுனி வெளிறிய கபில நிறமாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் என்ஜின் சுகமாக இருக்கிறது. உலர்ந்த கறுப்பு என்றால் மேலே சொன்ன காரணங்கள்தான்; சோக், எயார் ஃபில்டர், கார்பரேட்டர் சரிப்படுத்தல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பெற்றோலில் நனைந்து கிடந்தால் பொறியே வரவில்லை, அல்லது கிக் அடித்து அடித்துப் பெற்றோல் நிறைந்துவிட்டது. பிளக் மூடியின் இறப்பர் வெடித்து மழைநீர் உள்ளே போனாலும் இப்படி ஆகும். பிளக் வெள்ளை வெளேரென்று வெந்திருந்தால் பெற்றோல் குறைந்து என்ஜின் அளவுக்கு மிஞ்சிச் சூடாகிறது. அதை அப்படியே ஓட்டினால் பிஸ்டனுக்கே கேடு வரும்.

பளபளவென்று எண்ணெய் பூசிய கறுப்புத்தான் செலவு வைப்பது. ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் அது ஒயில் மேலே ஏறுவதன் அடையாளம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் நீலப் புகை வந்து பிறகு நின்றால் வால்வு சீலைச் சந்தேகிக்கலாம். பாரம் ஏற்றி ஏற்றம் ஏறும்போதெல்லாம் புகை வந்தால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங். இதற்கு எத்தனை பிளக் மாற்றியும் பயனில்லை. டூ ஸ்ட்ரோக் பைக் வைத்திருப்பவர்கள் மட்டும் முதலில் ஒயில் கலக்கும் அளவைப் பார்க்கட்டும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஐந்து வருடம் புதிய பைக் இறக்குமதி தடைப்பட்டிருந்ததால் பழையவற்றையே ஓட்டித் தேய்த்தோம். அவற்றில் ரிங் போன பைக்குகள் இன்னும் எத்தனையோ ஓடிக்கொண்டிருக்கின்றன. அவ்வாறான பைக்கை விலைக்கு வாங்குபவர் பிளக்கைக் கழற்றிக் காட்டும்படி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விற்பவர் அன்றைக்குத்தான் புதுப் பிளக் போட்டிருந்தால் ஏன் என்றும் கேட்கலாம்.

பெற்றோலையும் மறந்துவிடக் கூடாது. ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் இலங்கையில் நிறுத்தப்பட்டதோடு ஈயப் படிவு என்ற தொல்லை ஒழிந்தது. ஆனால் 2022 நெருக்கடியை யார் மறப்பார்? மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் என்று கியூஆர் அட்டையில் அளந்து தந்த காலம். அவ்வருடம் ஜூலை மாத இறுதியில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 450 ரூபா, மண்ணெண்ணெயோ 87 ரூபா. இந்த வித்தியாசத்தைக் கண்டு கை அரிக்காதவர்கள் மட்டும்தான் நாட்டில் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல் இலகுவில் ஆவியாகாது. ஆகவே முழுதாக எரியாமல் கரியாகிப் பிளக்கில் படியும். போத்தலில் விற்கும் பெற்றோலை அடித்த பிறகு பைக் கரகரத்தால் முதலில் தாங்கியைச் சந்தேகியுங்கள்.

உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் சில வார்த்தைகள். “ஏழு இல்ல, எட்டுப் போடுங்க, அது கூட நல்லம்” என்று கொடுப்பதைக் கேட்டிருக்கிறேன். பிளக்கில் உள்ள அந்த எண் தரத்தைக் குறிப்பதல்ல, வெப்ப அளவைக் குறிப்பது. என்.ஜீ.கே., டென்சோ பிளக்குகளில் எண் கூடக்கூடப் பிளக் குளிர்ந்த வகை, அதாவது சூட்டை விரைவில் வெளியேற்றும். பொஷ், சம்பியன் கம்பனிகளில் இது தலைகீழ், எண் கூடினால் சூடான வகை. ஊருக்குள் மெதுவாக ஓடும் பைக்குக்குத் தேவைக்கு மேல் குளிர்ந்த பிளக்கைக் கொடுத்தால் கரி இன்னும் விரைவாகப் பிடிக்கும். புரி பொருந்துகிறது என்பதற்காக எதையும் கொடுத்துவிடாமல் பைக்கின் கைநூலில் உள்ள எண்ணையே கொடுப்பது நல்லது.

போலிப் பிளக்குகள் வேறு சந்தையில் உலாவுகின்றன. பஞ்சிகாவத்தையில் கொள்வனவு செய்பவர்கள் பெட்டியைப் பார்த்து வாங்காமல் ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும். புரி சொரசொரப்பாக இருக்கிறதா, வளைந்த கம்பி நடுக்கம்பிக்கு நேராக இல்லையா, வாஷர் விரலால் இழுத்தாலே கழன்று வருகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பெட்டியை வைத்துவிடலாம். ஒரு பிளக்கில் நாற்பது ஐம்பது ரூபா இலாபம் பார்க்கப் போய் ஒரு வாடிக்கையாளரை நடுவழியில் நிறுத்துவது எந்த வியாபாரத்தில் சேர்த்தி?

சுத்தம் செய்வதைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலர்ந்த கரியைப் பெற்றோலில் நனைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, காற்றடித்து உலர்த்தலாம். இரும்புக் கம்பி பிரஷைப் பீங்கானில் பாவிக்காதீர்கள். அதன் இரும்புத் துகள் கோடாகப் படிந்து அதன் வழியாகவும் மின்சாரம் கசியும். அடுப்பில் சுட்டுத் தண்ணீரில் போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. பீங்கான் வெடித்துவிடும், வேண்டாம். இடைவெளி பெரும்பாலான சிறிய பைக்குகளுக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். அளவுகோல் இல்லாத பாஸ்மார் ஹெக்ஸோ பிளேட்டின் தடிப்பை வைத்துப் பார்ப்பார்கள். ஏறத்தாழ 0.6 என்பதால் அது மோசமில்லை.

பூட்டும்போது என்ஜின் ஆறியிருக்க வேண்டும், முதலில் கையாலேயே முழுதாகச் சுற்ற வேண்டும். ஹெட் அலுமினியம் என்பதால் ஸ்பெனரைப் போட்டு வளைவாக ஏற்றினால் புரி போய்விடும். புதுப் பிளக் என்றால் கையால் இறுகிய பின் ஸ்பெனரால் அரைச் சுற்று. பழையது என்றால் சுற்றில் பத்திலொன்று போதும். பொறி வருகிறதா என்று சோதிப்பவர்கள் பிளக் துவாரத்தை விட்டுத் தள்ளிப் பிடியுங்கள். அதிலிருந்து பெற்றோல் ஆவி வரும், தீப்பற்றலாம்.

அந்தத் தம்பியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், அதுவும் கடையில் ஆட்கள் நிற்கும்போதே. அவன் இப்போது சொந்தமாகச் சிறிய உதிரிப்பாகக் கடையொன்று நடத்துகிறான். பிளக் கேட்டு வருபவரிடம், “பழைய பிளக் எங்க, அதக் கொஞ்சம் காட்டுங்க” என்று கேட்டுவிட்டுத்தான் புதியதை எடுப்பான். சிலர் காட்டுகிறார்கள். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.