கர்ப்பகால 'மங்கு' காட்டிய வழி... தோல் புற்றுநோயை அடக்குமா பெண் ஹார்மோன்?

ஐந்தாம் மாதம் தாண்டியதும் கன்னத்தில் திட்டுத்திட்டாகக் கறுப்பு படரும். தொப்புளுக்குக் கீழே பென்சிலால் இழுத்ததுபோல ஒரு கோடு விழும். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் நிறம் கூடும். 'மங்கு விழுந்திருக்கு, பிள்ளை பிறந்தா சரியாகிடும்' என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் மெல்ல மறைகிறது. சில வீடுகளில் இதை வைத்தே ஆணா, பெண்ணா என்று ஜோசியமும் சொல்லிவிடுவார்கள்!

கர்ப்பகாலத்தில் ஹார்மோன்கள் அதிகமாகச் சுரப்பதால் தோல் கறுக்கிறது என்பது மருத்துவர்களுக்கு எப்போதோ தெரியும். ஆனால், ஹார்மோன் எந்த வழியாகப் போய் நிறமியைத் தூண்டுகிறது என்பதுதான் புரியாமல் இருந்தது. அந்த வழியைத் தேடிப்போன ஒரு குழு, மெலனோமா என்கிற கொடிய தோல் புற்றுநோயின் வாசலில் போய் நின்றது.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் இருக்கிறது பென்சில்வேனியா பல்கலைக்கழகம். அங்கே தோல் மருத்துவர் டாட் ரிட்கியும், அவர் ஆய்வகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் நட்டாலேவும் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமியைத் தயாரிப்பவை மெலனோசைட் செல்கள். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் வழக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பி அந்தச் செல்களில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை! ஆனாலும் ஈஸ்ட்ரோஜன் பட்டதும் செல்கள் கூடுதலாக மெலனினைத் தயாரித்தன.

காரணம், வேறொரு ஏற்பி. செல்லின் சவ்வில் இருக்கும் அதன் பெயர் ஜிபிஇஆர். இன்னொரு பெண் ஹார்மோனான புரொஜெஸ்டிரோன் வேறொரு ஏற்பி வழியாக இதற்கு நேரெதிரான வேலையைச் செய்து, நிறமியைக் குறைத்தது. 2016-ல் இந்த முடிவுகள் வெளியாகின.

மெலனோமா உருவாவதும் இதே மெலனோசைட் செல்களிலிருந்துதான். அப்படியென்றால், புற்றுசெல்லில் ஜிபிஇஆரைத் தூண்டினால் என்ன ஆகும்?

எதிர்பாராத பதில்

ஈஸ்ட்ரோஜன் என்றாலே புற்றுநோய் மருத்துவர்களுக்கு மார்பகப் புற்றுநோய்தான் நினைவுக்கு வரும். ஜார்ஜ் பீட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், சினைப்பைகளை அகற்றினால் முற்றிய மார்பகப் புற்றுநோய் சுருங்குவதை 1896-லேயே பதிவுசெய்திருக்கிறார். பல வகை மார்பகப் புற்றுநோய்க்கு ஈஸ்ட்ரோஜன் தீனி. ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆண் ஹார்மோன் தீனி. அதைக் கண்டறிந்த சார்லஸ் ஹக்கின்ஸுக்கு 1966-ல் நோபல் பரிசே கிடைத்தது.

மெலனோமாவில் கதை தலைகீழாக இருந்தது. புற்றுசெல் என்பது தன் வேலையை மறந்துவிட்டுப் பெருகுவதையே வேலையாக வைத்துக்கொண்ட செல். ஜிபிஇஆர் தூண்டப்பட்டதும் மெலனோமா செல்கள் மீண்டும் நிறமி செய்யும் முதிர்ந்த செல்லைப்போல நடந்துகொள்ள ஆரம்பித்தன. 'பெருகு, பெருகு' என்று செல்லை விரட்டும் 'மிக்' என்ற புரதம் குறைந்தது. வளர்ச்சி மட்டுப்பட்டது. எலிகளில் சோதித்தபோது, ஏற்கெனவே குட்டி போட்டிருந்த பெண் எலிகளுக்குக் கட்டிகள் குறைவாகவே வந்தன.

2018-ல் வெளியான இந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் உண்டு. ஜிபிஇஆரை மட்டும் தூண்டும் ஒரு ரசாயனத்தையும், நோய் எதிர்ப்பு சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராக முடுக்கிவிடும் இம்யூனோதெரபி மருந்தையும் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். தனித்தனியாகக் கொடுத்ததைவிட, சேர்த்துக் கொடுத்தபோது அவை அதிக நாள் உயிரோடிருந்தன. இம்யூனோதெரபிக்கு அடித்தளம் போட்ட ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோஞ்ஜோ இருவருக்கும் நோபல் கிடைத்ததும் அதே வருடம்தான். அந்த மருந்துகள் மெலனோமா நோயாளிகள் பலரைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால், எல்லோரிடமும் அவை வேலை செய்வதில்லை. அதனால்தான் துணைக்கு ஒரு மருந்து தேடுகிறார்கள். ஜிபிஇஆரைத் தூண்டும் எல்என்எஸ்8801 என்ற வாய்வழி மருந்து இப்போது மனிதர்களிடம் பரிசோதனைக் கட்டத்தில் இருக்கிறது. கடைக்கு வரும் மருந்தாகுமா என்பதற்கு இன்னும் பல படிகள் உண்டு.

ஆண்களுக்கு ஏன் ஆபத்து அதிகம்?

மெலனோமா வந்த பெண்கள், அதே நோய் வந்த ஆண்களைவிடப் பிழைப்பது அதிகம். இது பல நாடுகளின் புள்ளிவிவரங்களிலும் தெரிகிறது. ஆண்கள் வெயிலில் அதிகம் அலைகிறார்கள், முதுகில் வரும் மச்சத்தைக் கவனிப்பதில்லை, டாக்டரிடம் போகத் தாமதிக்கிறார்கள் என்று காரணம் சொல்வதுண்டு. அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால், அது மட்டுமல்ல என்கிறது ஹூஸ்டனில் உள்ள எம்.டி.ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் ஆய்வு. 2022-ல் வெளியான அந்த ஆய்வில், ஆண் ஹார்மோனின் ஏற்பியைத் தடுத்தபோது, மெலனோமாவுக்குத் தரப்படும் குறிவைத்த மருந்துகள் எலிகளில் கூடுதலாக வேலை செய்தன.

இதைப் படித்துவிட்டு யாரும் ஹார்மோன் மாத்திரை வாங்கிவிட வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளுக்கு ரத்தம் உறைதல் போன்ற ஆபத்துகள் உண்டு. அவற்றை மெலனோமாவுக்குச் சிகிச்சையாக யாரும் தருவதில்லை. ஆய்வாளர்கள் தேடுவது ஹார்மோனை அல்ல, அந்த ஓர் ஏற்பியை மட்டும் தட்டும் மருந்தை.

அப்படியானால், கர்ப்பிணிகளுக்கு மெலனோமாவே வராதா?

வரும். எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. 1950-களில் நிலைமை நேரெதிர். கர்ப்பம் மெலனோமாவைத் தீவிரமாக்கும் என்று மருத்துவர்களே அஞ்சினார்கள். குழந்தைப்பேறு வயதில் மெலனோமா வந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்வீடன் பெண்களை வைத்துச் செய்யப்பட்டு, 2004-ல் வெளியான ஆய்வு, நோய் கண்டறியப்பட்டபோது கர்ப்பமாக இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உயிர்பிழைப்பதில் வித்தியாசம் இல்லை என்று காட்டியது.

உண்மையான சிக்கல் வேறு. உடம்பு முழுக்க நிறம் கூடும் காலத்தில், ஒரே ஒரு மச்சம் மாறினால் யார் கண்ணில் படும்? 'மாசமா இருந்தா இதெல்லாம் சகஜம்தானே' என்று விட்டுவிடுவார்கள். மங்கு இரண்டு கன்னத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி, ஒரே நிறத்தில் படரும். மெலனோமா அப்படியல்ல. ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி இருக்கும். ஓரம் பிசிறடிக்கும். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என ஒரே மச்சத்தில் பல நிறம் தெரியும். வாரக்கணக்கில் வளரும், சிலசமயம் ரத்தம் கசியும்.

நம்மைப்போன்ற மாநிறத்தவர்களுக்கு மெலனோமா அரிது. ஆனால் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று யாரும் பார்க்காத இடமாகத் தேர்ந்தெடுத்து வரும். ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில்தான் வந்தது. 1981-ல், 36 வயதில் இறந்துபோனார். நிறைமாத வயிற்றோடு குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியாது என்பதால், அதைக் கணவரோ அம்மாவோ பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

சந்தேகமான மச்சத்தை, அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, வெட்டியெடுத்துப் பரிசோதிப்பதைக் கர்ப்பகாலத்திலும் பாதுகாப்பாகச் செய்யலாம். பிரசவம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.