ஸ்ரீசிட்டி: வெளிநாட்டு முதலீடு உள்ளூர் வீட்டுக்கு எந்த வழியா வருது?

சென்னையிலிருந்து நெல்லூர் போகும் சாலையில் தடா வந்ததும் இடப்பக்கம் திரும்பினால் ஸ்ரீசிட்டி. 2008-ல் தொடங்கிய இந்தத் தொழில்நகரில் இசுசு, டைகின், மொண்டலிஸ், ஃபாக்ஸ்கான் என்று பல நாட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. (2022 ஏப்ரல் வரை இது சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். அதனால் சித்தூரின் பழைய எண்களையும் புதிய எண்களையும் அப்படியே ஒப்பிட்டுடாதீங்க.)

'கம்பெனி வந்தா வரி வரும், வரியில ஆஸ்பத்திரி வரும்' என்று நினைப்போம். அந்த வழி குறுகல். சிறப்புப் பொருளாதார மண்டல ஆலைகளில் 2020-க்கு முன் உற்பத்தி தொடங்கியவற்றுக்கு, ஏற்றுமதி லாபத்தில் முதல் 5 ஆண்டுகள் முழு வருமான வரி விலக்கு, அடுத்த 5 ஆண்டுகள் பாதி. மண்டலத்துக்கு வெளியே உள்ள ஆலைகளுக்கு இந்தச் சலுகை இல்லை. ஆனால் அவை கட்டும் வருமான வரி டெல்லிக்குப் போய், நிதிக்குழுவின் கணக்குப்படிதான் மாநிலங்களுக்குப் பிரியும். சத்தியவேட்டுக்கென்று தனியாக எதுவும் வராது.

அப்போ நேரடி வழி எது? சம்பளச் சீட்டு.

ஒரு 22 வயதுப் பெண் மாதம் 15,000 ரூபாய்க்கு வேலைக்குச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 21,000 வரை இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு: இவர் பங்கு 0.75%, நிறுவனத்தின் பங்கு 3.25%. இவரை நம்பியிருக்கும் அம்மாவுக்கும் அதில் சிகிச்சை கிடைக்கும். பி.எஃப். தனி. ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்திருந்தாலும் இரண்டும் உண்டு. ஆனால் பி.எஃப். பென்ஷனுக்கு 10 ஆண்டு சர்வீஸ் வேணும். கல்யாணத்தோடு வேலையை விடுபவர்களுக்கு அது எட்டாது.

இப்போ அந்த அம்மாவைப் பாருங்க. வயது 48, சொந்த நிலம் இல்லாத விவசாயக் கூலி. ஸ்ரீசிட்டிக்காக நிலம் எடுக்கப்பட்டபோது நடைமுறையில் இருந்தது 1894-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் நிலத்தில் உரிமை உள்ளவருக்குத்தான் இழப்பீடு, அந்த நிலத்தில் கூலிவேலை செய்தவருக்கு இல்லை. கூலிக்காரரையும் 'பாதிக்கப்பட்டவர்' என்று ஏற்ற புதிய சட்டம் அமலுக்கு வந்தது 2014 ஜனவரியில்தான். ஆலைகள் தேடுவது பெரும்பாலும் இளம் வயதினரை. ஆந்திர அரசின் முதியோர் பென்ஷன் மாதம் 4,000 ரூபாய் என்றாலும், அதற்குப் பொதுவாக 60 வயது ஆகணும்.

நடுவில் இருக்கும் 12 வருஷத்துக்கு அவருக்கு இருப்பது மகளின் இ.எஸ்.ஐ. அட்டைதான். மகள் வேலையை விட்டால், சில மாதங்களில் அதுவும் முடிந்துவிடும்.