வனமரக் குற்றத் தண்டனையும் பட்டாதாரர் கடமையும்

மேட்டு வனம் அழிந்தால் பள்ளத்து வயல் வாடும் என்பது குடியானவர் யாவரும் அறிந்ததே. மலைச்சரிவில் மரம் நின்றால் மழைநீர் மண்ணில் ஊறி ஓடைக்கும் கிணற்றுக்கும் மெல்ல வந்து சேரும். மரம் போய்விட்டால் நீரும் மண்ணும் ஒருங்கே ஓடி வந்து ஏரியைத் தூர்க்கும். ஆகவே வனச்சட்டம் வனத்துறையினருக்கு மட்டுமே உரியதென்று உழவர் எண்ணியிருத்தல் தகாது. அச்சட்டத்தின் தண்டனைகள் எக்காரணத்தால் கடுமையாக்கப்பட்டன என்பதையும், நேர்மையான பட்டாதாரர் அவற்றில் சிக்காதிருக்கச் செய்ய வேண்டுவது யாது என்பதையும் இங்கே சுருக்கமாகக் காண்போம்.

தமிழ்நாட்டில் இன்றும் வழங்கிவருவது 1882-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துக்கென இயற்றப்பட்டுப் பின்னர்ப் பலமுறை திருத்தப்பெற்ற வனச்சட்டமாகும். வேறு பல மாநிலங்களுக்கு 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச்சட்டம் பொருந்தும். இந்த 1927-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டபோது, காப்புக்காட்டில் மரம் வெட்டுவோருக்கு விதிக்கத்தக்க உச்ச தண்டனை ஆறு மாதச் சிறை, அல்லது 500 ரூபாய் அபராதம், அல்லது இவ்விரண்டுமாக இருந்தது. அந்நாளில் அது பெருந்தொகை. இந்நாளிலோ நல்ல செம்மரம் டன் ஒன்றுக்குப் பல இலட்ச ரூபாய் விலை பெறுகிறது. இத்தகைய இலாபத்தின் எதிரே பழைய அபராதம் சந்தைச் சுங்கம் போலாகிவிட்டது. கள்ள வியாபாரி அதனைத் தன் செலவுக் கணக்கில் எழுதிக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தான்.

தண்டனைகள் உயர்த்தப்பட்டது இதனாலேயே. தமிழ்நாட்டுச் சட்டத்தில் சந்தனக் கட்டைக்கெனத் தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. ஆந்திரப் பிரதேசம் 1967-ஆம் ஆண்டுத் தன் வனச்சட்டத்தை 2016-இல் திருத்திச் செம்மரக் குற்றங்களுக்குக் கடுந்தண்டனை வகுத்தது. சரணாலயத்திலிருந்து அனுமதியின்றி வனப்பொருள் எடுப்பதும் குற்றமாகும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், பொதுவான அபராதத்தின் உச்ச அளவு 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 25,000 ரூபாயிலிருந்து ஒரு இலட்ச ரூபாயாக உயர்ந்தது.

மரத்தை வெட்டுவது மட்டுமன்றி, அனுமதியில்லாத கட்டையை வைத்திருப்பதும் ஏற்றிச் செல்வதும் ஏன் குற்றமாயின என்று சிலர் வினவுவர். வெட்டிய கட்டையில் உடையவன் பெயர் எழுதியிருப்பதில்லை. அடிக்கட்டையோ பல மைலுக்கு அப்பால் மலையில் நிற்கும். ஆதலின், வனப்பொருள் யாருடையது என்ற கேள்வி எழுமிடத்து, அது அரசுடையதென்றே முதலில் கொள்ளப்படும். அன்றென மெய்ப்பிக்கும் பொறுப்பு வைத்திருப்பவரையே சாரும். கட்டையோடு ஆயுதம், வண்டி, மாடு, லாரி ஆகியவையும் பறிமுதலுக்கு உரியனவாம். வாடகைக்கு வண்டி விடுவோர் இதனை நன்கு கவனித்தல் வேண்டும்.

தண்டனை கடுமையானபோதிலும், முதலில் அகப்படுவோர் பெரும்பாலும் ஏழைக் கூலிகளே. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி, சேஷாசல வனத்தில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறப்பட்ட 20 பேர் ஆந்திரக் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி முதலிய தமிழ்நாட்டு மாவட்டங்களைச் சேர்ந்தோர். முன்பணம் கொடுத்து ஆள் திரட்டும் தரகன் மலையேறுவதில்லை. ஊரில் வேலையற்ற மாதங்களில் முகமறியாதவர் வந்து மிகையான கூலி பேசினால், அதன் பொருளைத் தொழிலாளருக்கு எடுத்துரைப்பது ஊர்ப்பெரியோர் கடமையாகும்.

இனிப் பட்டாதாரரைப் பற்றிய செய்தி. 1792-இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தது முதல், குடியானவர் நிலத்தில் தானே முளைத்த மரமும் அரசுக்கே உரியதென்ற வழக்கம் மைசூரில் நெடுநாள் நிலைத்தது. தமிழ்நாட்டிலும் நில உடையவருக்கு மரத்தில் உரிமை இல்லாதிருந்தது. தமக்குப் பயனின்றித் தொல்லை மட்டுமே தரும் மரத்தை யார் வளர்ப்பர்? 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நில உடையவரே சந்தன மரத்துக்கும் உடையவரானார்; பட்டா நிலச் சந்தன மரங்களுக்கென 2008-இல் தனி விதிகளும் வந்தன. பயிரிட்ட செம்மரத்தை ஏற்றுமதி செய்ய மைய அரசு 2019-இல் வழி வகுத்தது. தண்டனை அச்சத்தைத் தரும்; உரிமையே காக்கும் விருப்பத்தைத் தரும். இரண்டும் சேர்ந்தாலன்றி மரம் நிலைக்காது.

ஆயினும் உரிமை இருப்பது வேறு, அதனை மெய்ப்பிப்பது வேறு. செம்மரம் வைரம் பாய்ந்து விலை பெறக் கால் நூற்றாண்டளவு செல்லும். நட்டவர் தந்தையாகவும் வெட்டுபவர் மகனாகவும் இருத்தல் கூடும். ஆகையால் சான்றைத் தேடும் வேலை வெட்டும் நாளில் அன்று, நடும் நாளிலேயே தொடங்க வேண்டும்.

1. கன்று வாங்கிய ரசீதைப் பட்டாவுடன் சேர்த்து வைக்கவும்.

2. நட்ட ஆண்டையும் மரத்தின் எண்ணிக்கையையும் அடங்கலில் பதியச் செய்யவும்.

3. வெட்டுமுன் மாவட்ட வன அலுவலருக்கு விண்ணப்பித்து, எழுத்து மூலமான அனுமதி பெறவும்.

4. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு கட்டையும் நிலத்தைவிட்டு நகரலாகாது.

5. மரம் களவு போனால் அன்றே புகார் எழுதிக் கொடுக்கவும்.

கிராம நிர்வாக அலுவலர்கள் மரங்களை நேரில் எண்ணிப் பாராமல் சான்று வழங்கலாகாது. இல்லாத மரத்துக்குக் கொடுத்த சான்று, காப்புக்காட்டில் திருடிய மரத்துக்குப் பட்டா மரமென்று பெயர் சூட்ட உதவும். உள்ள மரத்துக்கு மறுத்த சான்று, நேர்மையான உழவரைக் கள்ளத் தரகனிடம் துரத்தும். இவ்விரண்டுக்கும் இடங்கொடாமல் கணக்கைச் செவ்வையாக வைப்பின், சட்டத்தின் கடுமை குற்றவாளியை மட்டுமே சென்று சேரும்.