மூலம் என்று முடிவு கட்டுவதற்கு முன்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் மலத்தில் ரத்தம் போகிறது என்று யாராவது சொன்னால், "சூடு பிடிச்சிருக்கு, மூலமாத்தான் இருக்கும்" என்பதே பெரும்பாலும் முதலில் வரும் பதில். மோர், வெந்தயம், சின்ன வெங்காயம் என்று கைவைத்தியம் தொடங்கும். இரண்டு நாளில் ரத்தம் நின்றுவிட்டால் பேச்சும் நின்றுவிடும்.

மூலத்தில் ரத்தம் விட்டு விட்டு வரும். பெருங்குடல் புற்றுநோயிலும் அப்படித்தான். ரத்தம் நின்றுவிட்டது என்பதை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

தோட்டத்துக்குப் பழகிய தொல்லை

காட்டை அழித்து ரப்பர் நட்ட காலத்தில் லயத்து மக்களை மலேரியாவோடு சீதபேதியும் கொக்கிப்புழுவும் சேர்ந்து வாட்டின. சீதபேதியில் ரத்தமும் சளியும் கலந்து போவது தெரியும். கொக்கிப்புழு கமுக்கமாக வேலை செய்யும். கழிப்பறை இல்லாத லயங்களைச் சுற்றியிருந்த ஈரமண்ணிலிருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே புகும். சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு நாள்தோறும் சிறிது சிறிதாக ரத்தம் உறிஞ்சும். மலத்தில் சிவப்பு எதுவும் தென்படாது. ஆள் மட்டும் வெளுத்து, மூச்சு வாங்கி, வேலைக்குப் போக முடியாமல் படுத்துவிடுவார்.

1915 முதல் 1917 வரை, சாமுவேல் டார்லிங் தலைமையில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய குழு மலாயா, ஜாவா, ஃபிஜி ஆகிய இடங்களில் இந்தப் புழுவை ஆராய்ந்தது. பின்னாளில் கழிப்பறையும் குழாய்த் தண்ணீரும் காலணியும் வந்ததால் புழுவின் பிடி தளர்ந்தது. கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியும் ஆபத்து வேறு நோய்களின் வழியாகத் தொடர்கிறது.

நிறம் என்ன சொல்லும்?

மலம் கழித்த பிறகு பளிச்சென்ற சிவப்பு ரத்தம் சொட்டி, வலி இல்லாவிட்டால் பெரும்பாலும் மூலம். கத்தியால் கீறியதுபோல் எரிந்து, தாளில் கோடாக ரத்தம் ஒட்டினால் ஆசனவாய் வெடிப்பாக இருக்கலாம். வெயிலில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் போதிய தண்ணீர் குடிக்காவிட்டால் மலம் இறுகும். முக்கி முக்கிப் போகும்போது இவ்விரண்டும் வரும்.

மலத்தோடு கலந்து வரும் அடர்சிவப்பு ரத்தம் குடலின் சற்று மேற்பகுதியிலிருந்து வருவதாக இருக்கலாம். காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் சேர்ந்தால் சீதபேதியை நினைக்க வேண்டும்.

தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, கடும் நாற்றத்தோடு போனால் ரத்தக்கசிவு பெரும்பாலும் இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ இருக்கும். இடுப்புவலிக்கும் முட்டிவலிக்கும் மருந்துக்கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும். நெடுநாள் சம்சு குடித்து ஈரல் கெட்டவர்களுக்கு உணவுக்குழாயின் ரத்தநாளம் வீங்கி உடைந்து, உயிருக்கே உலை வைக்கும்.

நிறம் ஏமாற்றுவதும் உண்டு. சிவப்பு டிராகன் பழமும் பீட்ரூட்டும் மலத்தைச் சிவக்க வைக்கும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை கறுக்க வைக்கும். சாப்பிட்டதை நிறுத்தி இரண்டு மூன்று நாள் கழித்தும் நிறம் மாறாவிட்டால் கிளினிக்குக்குப் போவதே சரி.

உடனே போக வேண்டியவர்கள்

ரத்தம் நிற்காமல் கொட்டினாலும், மலம் தார் போலப் போனாலும், தலைசுற்றல், குளிர்வியர்வை, மயக்கம், கடும் வயிற்றுவலி, ரத்த வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. 999 எண்ணை அழைத்து அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அதையும் கையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும். தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

மலம் போகும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, போன பிறகும் முழுதாகப் போகாத உணர்வு, காரணம் புரியாத ரத்தசோகை ஆகியவற்றை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஐம்பதைத் தொட்ட ஆண் ஒருவருக்கு ரத்தம் குறைந்திருந்தால் டானிக் மட்டும் போதாது. ரத்தம் எங்கே போகிறது என்று பார்த்தாக வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ பெருங்குடல் புற்றுநோய் இருந்திருந்தால் ஐம்பது வயதுவரை காத்திருக்காமல் முன்பே போய்க் கேட்பது நல்லது.

ஒரு வெள்ளியில் ஒரு சோதனை

மலேசியாவில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் பெருங்குடல் புற்றுநோய். பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் அதற்கு. பெரும்பாலானவர்கள் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். குடலில் முளைக்கும் சிறு சதைவளர்ச்சி புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டு அளவு பிடிக்கும். அதற்குள் கண்டுபிடித்தால் அதை வெட்டி எடுத்துவிடலாம்.

இதற்காகவே 2014 முதல் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில், 50 முதல் 75 வயது வரையிலானவர்களுக்கு மல ரத்தப் பரிசோதனை நடக்கிறது. குடிமக்களுக்கு வழக்கமான பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. விரல் நீளக் குப்பி ஒன்று கொடுப்பார்கள்; அதன் மூடியோடு ஒரு குச்சி இருக்கும். வீட்டில் மலத்தின் சில இடங்களில் அந்தக் குச்சியைத் தொட்டு, குப்பிக்குள் செருகி மூடி, கிளினிக்கில் சேர்த்துவிட வேண்டும். பத்தியம் எதுவும் இல்லை.

ரத்தம் இருப்பது தெரிந்தால் அடுத்தது குழாய் விட்டுப் பார்க்கும் கொலொனோஸ்கோபி. சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளுக்கு அனுப்புவார்கள். முதல் நாள் மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். சோதனையின்போது மயக்க ஊசி போடுவார்கள். ஊசியின் தாக்கம் தெளியும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்பதால் பகாவ், கெமாஸ் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் துணைக்கு ஒருவரை அழைத்து வருவது அவசியம்.

கண்ணால் பார்க்கவே ரத்தம் போகிறவர்களுக்கு இந்தக் குப்பிச் சோதனை பொருந்தாது. இது அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கானது. ரத்தத்தைப் பார்த்தவர்கள் எத்தனை நாளாக, என்ன நிறத்தில், வலியோடா வலியில்லாமலா என்ற விவரத்தோடு நேராக டாக்டரைப் பார்க்க வேண்டும்.